முப்பத்தோராம் நாள் படையலும் நோர்பரிச் சாப்பாட்டுக் கடையும்

என் தம்பி தவராசா மோசம் போன இருபத்தேழாம் நாள் நான் லண்டனில் போய் இறங்கினேன். விசா கிடைக்க அவ்வளவு நாள் பிடித்தது. செத்தவீட்டுக்குப் போய்ச் சேர முடியவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்காவது முருகன் கொண்டுபோய் விட்டானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தம்பிக்குப் பிள்ளைகள் இல்லை. கிரியை செய்ய உரிமையுள்ள ஆண் நான் ஒருவன்தான்.

லண்டன் போய் வந்தவர்கள் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் மகாராணியின் மாளிகையையும் பற்றி எழுதுவார்கள். நான் இரண்டையும் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சுன்னாகத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். நாட்டு நிலைமையால் இப்போது கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடி அறையில் மனைவி பிள்ளைகளோடு இருக்கிறேன். பிறந்த நாளிலிருந்து மச்சம் மாமிசம் தொட்டதில்லை. பூசை செய்யாமல் பச்சைத் தண்ணீரும் குடிப்பதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

விமான நிலையத்துக்குக் கந்தசாமி வந்திருந்தார். தம்பியின் சிநேகிதர், பெற்றோல் ஸ்டேஷனில் காசாளர் வேலை. அவருடைய காரில் ஏறியதும் கால் விறைத்தது. மார்கழிக் குளிர் என்று நாங்கள் ஊரில் சொல்வதெல்லாம் குளிரே இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு வானம் பொழுதுபட்ட நேரம்போல இருந்தது. வழி முழுக்க அவர் தம்பியைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார். வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவன் பிறகு எழும்பவில்லையாம். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி தன் கோட்டைக் கழற்றி மூடிவிட்டாளாம்.

தம்பியின் வீடு தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை. கதவைத் திறந்தவள் றெஜினா, தம்பியின் மனைவி. அவளை அன்றுதான் முதன்முதல் நேரில் பார்த்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். றெஜினா மன்னார்ப் பக்கத்து வேதக்காரி. தம்பி லண்டனுக்குப் போய் அடுத்த வருஷமே அவளைக் கட்டினான். அதற்குப் பிறகு நான் அவனுக்கு எழுதிய கடிதம் ஒன்றிலும் அவளுடைய பெயர் வரவில்லை. அவன் மட்டும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் "றெஜினா சுகம் கேட்கிறா" என்று எழுதுவான். பத்து வருஷத்துக்கு மேல் அப்படி எழுதினான். இரண்டு தரம் கொழும்புக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வரக் கேட்டான். இப்போது வசதிப்படாது என்று பதில் போட்டேன்.

சுவரில் மாதா சொரூபம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சாமித் தட்டு, சின்னத் திரை போட்டு மூடியிருந்தது. சாவுத் தீட்டுள்ள துடக்கு வீட்டில் சாமிப் படத்தை மூடி வைப்பது எங்கள் வழக்கம். கந்தசாமி மூடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணை, சோறு வைக்கட்டே?" என்று றெஜினா கேட்டாள். விமானச் சாப்பாட்டால் வயிறு சரியில்லை என்றேன். உங்கள் வீட்டில் சாப்பிடமாட்டேன் என்று எங்கள் பக்கத்தில் நேரே சொல்லமாட்டோம். வயிறு சரியில்லை, விரதம், இப்போதுதான் சாப்பிட்டேன் என்று ஏதாவது சொல்லித் தப்புவோம். கேட்கிறவர்களுக்கும் விளங்கும். அவளுக்கும் விளங்கியது. தேத்தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இரவு, கந்தசாமி வாங்கித் தந்த பாணையும் வாழைப்பழத்தையும் அறைக்குள் இருந்து தின்றேன்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் புறப்படுமுன் றெஜினா படையலைப் பற்றிக் கேட்டாள். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை செய்தாள். முப்பத்தோராம் நாள் தம்பிக்கு விருப்பமான கறிகள் எல்லாம் வைத்துப் படைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தானே சமைக்கிறேன் என்றாள். அந்த அடுப்பில் எத்தனை மீனும் இறைச்சியும் வெந்திருக்கும் என்று என் மனம் கணக்குப் பார்த்தது.

"உமக்கேன் வீண் கரைச்சல். சைவக் கடையில எடுப்பம்" என்றேன்.

"ஓம் அண்ணை. உங்கட விருப்பம்" என்றுவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு படி இறங்கினாள்.

அன்று கந்தசாமிக்கு லீவு. சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "நோர்பரியில ஒண்டு இருக்கு அண்ணை. பெரிசா எதிர்பாராதேங்கோ. றெஜினாக்கா அதைவிட நல்லாச் சமைப்பா." நான் பேச்சை மாற்றினேன். அவருடைய காரும் அன்றைக்கென்று கராஜில் கிடந்தது. பஸ்ஸுக்கு நின்றோம். வந்த பஸ் எங்களைக் கடந்து போய்விட்டது. அந்தத் தரிப்பில் கை காட்டாவிட்டால் நிற்காதாம். கந்தசாமி பேச்சு மும்முரத்தில் கை காட்ட மறந்துபோனார். அடுத்த பஸ் வர மழையும் வந்தது. ஊரில் என்றால் சாரதி எங்கள் முகத்தைப் பார்த்தே நிறுத்தியிருப்பான்.

கடையின் பலகையில் பெரிய தமிழ் எழுத்தில் "அசல் யாழ்ப்பாணச் சைவச் சாப்பாடு" என்று எழுதியிருந்தது. உள்ளே பிள்ளையார் படம், சிவப்புப் பல்பு, ஊதுபத்தி. காசு மேசையில் இருந்த முதலாளி நெற்றி நிறையத் திருநீறு பூசி, நடுவில் சந்தனம் வைத்திருந்தார். நனைந்துபோய் நின்ற எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இவ்வளவு தூரத்திலும் முருகன் வழி காட்டுகிறான் என்று கும்பிட்டேன்.

வாருங்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. முதலாளி டெலிபோனில் யாருடனோ கார் இன்சூரன்ஸைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். நாங்களே ஒரு மேசையில் இருந்தோம். பரிமாறுகிறவர் ஊறிப்போன துணியொன்றால் மேசையைத் துடைத்தார். துடைத்த பிறகு முன்னையதைவிடக் கூடப் பிசுபிசுத்தது. சாப்பாட்டு அட்டையில் நூடில்ஸ் இருந்தது, பிரைட் றைஸ் இருந்தது. பிட்டு கேட்டேன், முடிந்துவிட்டது என்றார். குரக்கன் பிட்டு எப்போதாவது செய்வீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் இஞ்ச ஆரய்யா சாப்பிடுகினம்" என்று சிரித்தார். இடியப்பமும் சொதியும் சம்பலும் சொன்னேன். கந்தசாமி பிரைட் றைஸ் சொன்னார்.

நாற்பது நிமிஷம் இருந்தோம். குடிக்கச் சுடுதண்ணீர் கேட்டேன். ஐஸ் கட்டி போட்ட தண்ணீர் வந்தது. பிறகு இடியப்பம் வந்தது. கரைகள் கம்பிபோல விறைத்து, நடுவில் கை வைத்தால் ஜில்லென்று இருந்தது. பெட்டியில் உறைய வைத்ததை எடுத்துச் சூடாக்கியிருக்கிறார்கள். சொதி என்று வந்தது மஞ்சள் கரைத்த தண்ணீர். ஒரு வெங்காயத் துண்டு மிதந்தது, வெந்தயம் இல்லை, தேசிப்புளி இல்லை. பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவன் அவளுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். என்ன சொல்கிறான் என்று கந்தசாமியைக் கேட்டேன். "இலங்கை ஆக்கள் வீட்டில இப்பிடித்தான் சாப்பிடுறவையாம், இதுதான் அசலாம்" என்று மெல்லச் சொன்னார். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்தச் சாப்பாட்டில் சம்பல் ஒன்றுதான் வாய்க்கு நன்றாக இருந்தது. இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் ஆர்ச்வே முருகன் கோயிலடிக்குப் போனேன். துடக்குக்காரன் கோயிலுக்குள் போகக்கூடாது. ஆனாலும் முருகன் இருக்கிற ஊருக்கு வந்து, அவன் வாசலைக்கூடப் பாராமல் இருக்க மனம் கேட்கவில்லை. கந்தசாமிக்கு ஷிப்ட் இருந்ததால், எந்த ரெயினில் ஏறி எங்கே மாற வேண்டும் என்று துண்டில் எழுதித் தந்தார். நிலத்துக்கு அடியில் ஓடுகிற அந்தக் கறுப்புக் கோட்டு ரெயின் நடுவழியில் இரண்டாகப் பிரியும் என்பதைத் துண்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்திருக்கிறார். நான் முன்பக்கத்தை மட்டும் பார்த்தேன். ஆர்ச்வே வரும் வரும் என்று இருந்தேன். ரெயின் வெளிச்சத்துக்கு வந்து, தெரியாத வீடுகளுக்கு நடுவால் ஓடியது. பயந்துபோய் எதிரில் இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணிடம் துண்டை நீட்டினேன். அவள் தன் தரிப்பு இல்லாத இடத்தில் என்னோடு இறங்கி, எதிர் மேடைக்குக் கூட்டிப்போய், ரெயினில் ஏற்றிவிட்டுக் கை காட்டினாள். பேர்கூடக் கேட்கத் தெரியவில்லை எனக்கு.

கோயிலுக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று கும்பிட்டேன். உள்ளே மணி அடித்த சத்தம் கேட்டது. தம்பி செய்த பிழையைப் பொறுத்துக்கொள் என்று வேண்டினேன். எது பிழை என்று அப்போது எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

திரும்பி வரும்போது நோர்பரியில் இறங்கி, படையலுக்குச் சாப்பாடு சொல்லப் போனேன். அந்தக் கடைச் சாப்பாடு எப்படிப்பட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ருசி இல்லாவிட்டாலும் சைவம், சுத்தம், அது போதும் என்று நினைத்தேன். முதலாளி அன்றும் டெலிபோனில் இருந்தார். எல்லாம் சைவம்தானே என்று ஒரு தரம் கேட்டேன். "போர்ட்டைப் பாருங்கோ ஐயா" என்று விரலால் மேலே காட்டினார். பலகையையும் பார்த்தேன், நெற்றியையும் பார்த்தேன். சோறு, ஐந்து கறி, சம்பல், வடை, பாயாசம், காலை பத்து மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து தர வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முப்பத்தோராம் நாள் ஐயர் எட்டு மணிக்கு வந்தார். மணலுக்குப் பதில் தகரப் பேணி ஒன்றில் மண், ஆற்றுக்குப் பதில் குளியலறைத் தொட்டி. எள்ளும் தர்ப்பையும் அவரே பையில் கொண்டுவந்திருந்தார். புகைக்கு மேலேயிருக்கிற நெருப்பு மணி அடித்துவிடும் என்று கந்தசாமி கதிரையில் ஏறி அதன் பற்றரியைக் கழற்றினார். பத்து மணிக்குள் மந்திரங்கள் முடிந்தன. படையல்தான் மிச்சம். தலைவாழை இலை விரித்து, தம்பியின் படத்துக்கு முன்னால் காத்திருந்தோம். பத்தரை, பதினொன்று, பதினொன்றரை. கந்தசாமி மூன்று தரம் டெலிபோன் எடுத்தார். வெளிக்கிட்டுவிட்டது என்று மூன்று தரமும் சொன்னார்கள். ஐயருக்கு ஒரு மணிக்கு வேறு வீட்டுக் கிரியை இருந்தது. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு ஆள் வந்து, பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனான். வடை இல்லை. பாயாசம் மூடி கழன்று பாதி ஊற்றுப்பட்டிருந்தது.

றெஜினா குசினியில் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கதவடியில் வந்து நின்றாள்.

"அண்ணை, ஒண்டு சொல்லட்டே. கோவிக்காதேங்கோ. சம்பலுக்க மாசி கிடக்கு."

"உமக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன். குரல் கடுமையாகத்தான் வந்தது. நான் தன் சமையலை வேண்டாம் என்றதற்கு இப்படிச் சொல்கிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

"நான் மன்னாராள் அண்ணை. மீன் மணம் எனக்குத் தெரியாதே?"

விரல் நுனியில் ஒரு சின்னத் துண்டை வைத்து நீட்டினாள். மரச் சிராய்போல மண்ணிறமாக இருந்தது. அவித்துக் காயவைத்த சூரை மீன். ஐயர் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நானே டெலிபோனை எடுத்தேன். முதலாளிக்கு ஒரு பதற்றமும் இல்லை. "சம்பலெண்டால் மாசி போடுறதுதானே ஐயா. போடாட்டி ஆக்கள் சாப்பிடாயினம். அதை நாங்கள் இடிக்கிறேல்ல, வாளியில வாறது. மற்றக் கறியெல்லாம் சைவம்தான்." அகப்பை வேறு வேறா, சட்டி வேறு வேறா என்று கேட்டேன். பின்னேரத்தில் ஆட்டிறைச்சிக் கொத்தும் போடுகிறோம், ஆனால் சட்டியை நன்றாகக் கழுவித்தான் வைக்கிறோம் என்றார். டெலிபோனை வைத்த பிறகுதான், முதல் தரம் கடைக்குப் போனபோது கேட்டுக் கேட்டு வாங்கித் தின்ற சம்பல் நினைவுக்கு வந்தது. குளியலறைக்குள் போய் வாயைக் கொப்பளித்தேன். கொப்பளித்து என்ன, மூன்று நாள் கழிந்துவிட்டது.

வெளியே வந்தபோது ஐயர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழமும் பாலும் வைத்து முடிக்கலாம், ஆனால் சோறில்லாத படையல், உங்கள் மனம் ஒப்பினால் சரி என்றார். அரை மணித்தியாலம் தன்னால் காத்திருக்க முடியும் என்றார். வெறும் இலையைப் பார்த்தேன். அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய கடைசிச் சாப்பாட்டையும் நான்தான் கெடுத்தேன்.

குசினி வாசலில் போய் நின்றேன். "தங்கச்சி" என்றேன். அந்த வீட்டுக்கு வந்து நான்கு நாளில் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். "சோறு காய்ச்சி, ஏதும் ஒரு கறி வைக்க ஏலுமே?"

அவள் ஸ்டூலில் ஏறி அலுமாரிக்கு மேலே இருந்து ஒரு மட்டைப் பெட்டியை இறக்கினாள். உள்ளே இரண்டு சட்டி, ஒரு பானை, அகப்பை. ஒட்டிய லேபல்கூட உரிக்கவில்லை.

"உங்களுக்கு விசா வந்த அண்டைக்கே வாங்கி வைச்சனான். கத்தரிக்காயும் வாங்கினனான். நீங்கள் கடையில எடுப்பம் எண்டியள்." லேபலை நகத்தால் உரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு, "தோய்ஞ்சிட்டு வாறன்" என்று போய், ஈரத் தலையை முடிந்துகொண்டு வந்து அடுப்பை மூட்டினாள்.

அவள் சமைக்கும்போது கந்தசாமி என் பக்கத்தில் வந்திருந்து மெல்லக் கதைத்தார். தம்பி வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தொடமாட்டானாம். அந்த நாளுக்கென்று றெஜினா வேறு சட்டி பானை வைத்திருந்தாளாம். சாமித் தட்டை யார் மூடியது என்று கேட்டேன். "றெஜினாக்காதான். எனக்கு உதுகள் எங்க தெரியும்?" என்றார்.

சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. மூன்றே மூன்று. நான் இலையில் படைத்தேன். ஐயர் கற்பூரம் காட்டச் சொன்னார். றெஜினா அறை மூலையில் நின்று, தன் முறையில் நெற்றியிலும் நெஞ்சிலும் தொட்டுக் கும்பிட்டாள். ஐயர் அதைப் பார்த்துவிட்டு மணியை ஆட்டினார். முடிந்ததும் அவர் அவசரமாகப் போனார். கந்தசாமி காரில் அவரைக் கொண்டுபோய் விடப் போனார். கடைச் சாப்பாட்டுப் பெட்டிகள் குப்பைப் பைக்குள் கிடந்தன.

நானும் அவளும் மட்டும். படைத்த சோற்றைக் கோப்பையில் போட்டு என் முன்னால் வைத்தாள். உட்கார்ந்து சாப்பிட்டேன். கத்தரிக்காயை எங்கள் அம்மா வைப்பதுபோல வைக்கவில்லை. பெருஞ்சீரகம் கொஞ்சம் கூட, புளி கொஞ்சம் குறைய. அது மன்னார்ச் சமையல். என் தம்பி அதைப் பத்து வருஷத்துக்கு மேல் விரும்பிச் சாப்பிட்டிருக்கிறான். நான் சொன்ன கடைச் சாப்பாட்டில் அவனுக்கு என்று ஒன்றும் இருக்கவில்லை. இதில் எல்லாம் இருந்தது. தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டேன்.

"நல்லாயிருக்கு தங்கச்சி" என்றேன்.

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர் இருக்கேக்க வந்து சாப்பிட்டிருக்கலாம் அண்ணை. எவ்வளவு ஆசைப்பட்டவர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் புறப்பட்டேன். அவளுக்கு விடியவே வேலை. நான் எழும்பும்போது போய்விட்டிருந்தாள்.

வெள்ளவத்தைக்கு வந்ததும், தெரியாமல் மாசி சாப்பிட்டதை எங்கள் கோயில் ஐயரிடம் சொன்னேன். அவர் பெரிதாக எடுக்கவில்லை. அறியாமல் நடந்தது, மூன்று நாள் ஒருபொழுது இரு, விளக்குக்கு எண்ணெய் கொடு, தீர்ந்தது என்றார். அப்படியே செய்தேன். வேறு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். றெஜினாவின் பெயர் வாய்வரைக்கும் வந்தது. இல்லை என்றேன். வாசலைத் தாண்டும்போது அந்த வார்த்தை மட்டும் கூடவே வந்தது. மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்று நான் சொன்ன முதல் பொய் அது.